கையெழுத்துக்கு முன் வாசியுங்கள்: தமிழக எம்.பி.க்களுக்கு தேவகோட்டையிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போயிருக்கும் 39 பேருக்கும் மாநிலங்களவையில் இருக்கும் 18 பேருக்கும்,

வணக்கம்.

நான் தேவகோட்டையில் பத்திரம் எழுதிப் பிழைப்பவன். சிவகங்கைத் தொகுதி வாக்காளன். எந்தக் கட்சியிலும் இல்லை. இந்த மடலை ஒரு எம்.பி.க்கு மட்டும் எழுதாமல் 57 பேருக்கும் எழுதக் காரணம், நான் கேட்கப்போவது ஒருவர் செய்து ஆகிற காரியம் இல்லை.

2024 ஜூனில் பதவியேற்பு விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். உறுப்பினர்கள் பலர் கையடக்க அரசியல் சாசனப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தபடி உறுதிமொழி எடுத்தார்கள். ஆளும் வரிசையில் இருப்பவர்களும் அதே புத்தகத்தைத் தொட்டுக் கும்பிடத்தான் செய்கிறார்கள். அந்த டிசம்பரில் சாசனத்தின் 75 ஆண்டுகளைப் பற்றி இரண்டு அவைகளிலும் விவாதம் வேறு நடந்தது. யார் ஆட்சியில் சாசனத்துக்கு அதிகக் கேடு வந்தது என்று ஆளாளுக்குப் பட்டியல் வாசித்தார்கள். அந்தப் பட்டியல்களில் பெரும்பகுதி உண்மைதான். என் மனக்குறை வேறு. விழா நாளில் கைக்கு வருகிற அந்தப் புத்தகம், ஒரு மசோதா அவைக்கு வருகிற நாளில் எங்கே போகிறது?

‘முதலில் நிறைவேற்றிவிடுவோம், தப்பு இருந்தால் கோர்ட் பார்த்துக்கொள்ளும்’ என்ற வழக்கம் ஆளுங்கட்சிகளுக்கு வந்து வெகுநாளாகிறது. ‘நிறைவேற்றட்டும், நாம் கோர்ட்டுக்குப் போவோம்’ என்பது எதிர்க்கட்சிகளின் வழக்கம். இரண்டு பேருமே சாசனத்தைக் காக்கிற வேலையைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற கட்டடத்துக்குத் தள்ளிவிடுகிறீர்கள். அரசியல் சாசனத்துக்கு முதல் காவல் நீதிமன்றம் இல்லை, நீங்கள்தான் என்பது என் வாதம். ஏன் என்று சொல்கிறேன்.

என் தொழிலிலிருந்து ஒரு விஷயம். ஒரு கிரயப் பத்திரத்தில் சர்வே எண் தப்பாக விழுந்துவிடும், கிழக்கு எல்லைக்கு மேற்கு எல்லையை எழுதிவிடுவார்கள், அப்பா பெயரில் எழுத்து மாறிவிடும். இதற்கெல்லாம் பிழைத்திருத்தல் பத்திரம் போடலாம். முதல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இதிலும் போட வேண்டும். ஆனால் விற்ற சொத்தை தானம் கொடுத்த சொத்தாக மாற்றவோ, வாங்கினவர் பெயரையே எடுத்துவிட்டு வேறு ஒருவர் பெயரைச் சொருகவோ பிழைத்திருத்தலை வைத்து முடியாது. அப்படி எழுதித் தரச்சொல்லி வருகிறவர்கள் உண்டு. “திருத்தம்தானே அண்ணே, ஒரு வரிதானே” என்பார்கள். ஒரு வரிதான். அந்த ஒரு வரியில் தாய்ப் பத்திரமே செத்துப்போகும்.

நாட்டுக்குத் தாய்ப் பத்திரம் அரசியல் சாசனம். நாடாளுமன்றமே அதன் 79ஆம் பிரிவிலிருந்து பிறந்ததுதான். குடியரசுத் தலைவரும் இரண்டு அவைகளும் சேர்ந்தது நாடாளுமன்றம் என்று அந்தப் பிரிவு சொல்வதால்தான் நீங்கள் டில்லியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பிரிட்டனில் நாடாளுமன்றத்துக்கு மேலே எழுதிய சாசனம் ஒன்று கிடையாது. நமக்கு உண்டு. அதைத் திருத்தும் அதிகாரத்தையும் 368ஆம் பிரிவில் உங்களிடமே கொடுத்திருக்கிறார்கள். இரண்டு அவைகளும் தனித்தனியே, மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் ஏற்க வேண்டும். சில பிரிவுகளுக்குப் பாதி மாநிலங்களின் சம்மதமும் வேண்டும். இரு அவைகளுக்கும் ஒத்துப்போகவில்லையென்றால் கூட்டுக் கூட்டம் போட்டுச் சரிக்கட்ட வழியில்லை. யோசித்துச் செய்யுங்கள் என்று சொல்வதற்குத்தான் இத்தனை கதவுகள்.

திருத்தமே கூடாது என்று சொல்கிறவன் நான் இல்லை. சொல்லவும் கூடாது, அதுவும் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு. 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. இங்கே பெரியார் கிளர்ச்சி நடத்தினார். அந்த ஜூனிலேயே முதல் சட்டத்திருத்தம் வந்து, இடஒதுக்கீட்டுக்கு வழிவிடும் 15(4) பிரிவு சேர்ந்தது. இன்றைக்கு எங்கள் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் அழகப்பர் கல்லூரிகளில் இடஒதுக்கீட்டில் படிக்கிறார்கள் என்றால் அந்தத் திருத்தத்துக்கும் அதில் பங்குண்டு. அதே திருத்தத்தில் பேச்சுரிமைக்குக் கடிவாளமும் போட்டார்கள், நீதிமன்றம் தொட முடியாத ஒன்பதாவது அட்டவணையையும் உண்டாக்கினார்கள் என்பது இன்னொரு பக்கம். 13 சட்டங்களோடு தொடங்கிய அட்டவணையில் இன்று 284 சட்டங்கள். நம் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டமும் 1994இல் அங்கேதான் போய் உட்கார்ந்தது.

அந்த 1951இல் ஒன்று கவனியுங்கள். அப்போது இருந்தது இடைக்கால நாடாளுமன்றம். காமராஜரும், எங்களுக்குப் பக்கத்து மேலூர்ப் பகுதியின் கக்கனும் இருந்த அரசியல் நிர்ணய சபையின் தொடர்ச்சிதான் அது. நேருவுக்கு அங்கே எதிர்ப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. மே 12ஆம் தேதி கொண்டுவந்த மசோதாவை அன்றைக்கே நிறைவேற்றியிருக்கலாம். மசோதாவை ஆராயும் தேர்வுக் குழுவுக்கு அனுப்பினார்கள். குழுவில் சியாமா பிரசாத் முகர்ஜி, குன்ஸ்ரு போன்றவர்கள் மாறுபட்டு எழுதினார்கள். நாள்கணக்கில் வாதாடி ஜூன் 2ஆம் தேதிதான் நிறைவேறியது. அந்தத் திருத்தத்தில் பேச்சுரிமை பற்றிய பகுதி எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

இப்போது 2019க்கு வாருங்கள். பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான பத்து சதவீத ஒதுக்கீடு, 103ஆம் திருத்தம். ஜனவரி 8ஆம் தேதி மக்களவையில் அறிமுகம், அன்றைக்கே நிறைவேற்றம். மறுநாள் மாநிலங்களவை. தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கேட்டுத் தமிழகத்திலிருந்து வந்த தீர்மானம் அங்கே தோற்றுப்போனது. சமத்துவம் என்றால் என்ன என்பதையே தொடுகிற ஒரு திருத்தத்துக்கு இரண்டு நாள். பிறகு உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில்தான் அதை ஏற்றது. ஐந்து நீதிபதிகளுக்கே ஒத்த கருத்து இல்லாத விஷயம், 500 பேருக்கு மேல் இருக்கிற அவையில் ஒரே பகலில் தீர்ந்துவிட்டது. ஒதுக்கீடு சரியா தப்பா என்பதை இங்கே நான் பேசவில்லை. அவசரம் எதற்கு என்பதுதான் கேள்வி.

ஆனால் அவசரத்துக்கு உச்சம் 1975 ஆகஸ்ட்தான். இதை இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், அதனால் தேதிவாரியாகவே சொல்லிவிடுகிறேன். ஜூன் 12ஆம் தேதி அலகாபாத் உயர் நீதிமன்றம் பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்றது. 25ஆம் தேதி நெருக்கடி நிலை. மேல்முறையீடு ஆகஸ்ட் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வர இருந்தது. ஆகஸ்ட் 7, வியாழக்கிழமை: பிரதமர், சபாநாயகர் தேர்தல்களை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது, ஏற்கெனவே வந்த தீர்ப்பும் செல்லாது என்று 39ஆம் திருத்தம் மக்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. வெள்ளிக்கிழமை மாநிலங்களவை. சனிக்கிழமை மாநிலச் சட்டமன்றங்களைக் கூட்டிச் சம்மதம் வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை குடியரசுத் தலைவர் கையெழுத்து. திங்கட்கிழமை காலை நீதிமன்றம் கூடும்போது வழக்கே இல்லை என்று சொல்லத் தயாராக இருந்தார்கள்! சட்டப்படி எல்லாக் கதவையும் தட்டித்தான் உள்ளே போனார்கள், அதை மறுக்க முடியாது. மூன்றில் இரண்டு பங்கும் இருந்தது, மாநிலங்களும் இருந்தன. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

அதே சனிக்கிழமை மாநிலங்களவை இன்னொரு மசோதாவையும் நிறைவேற்றியது. பிரதமர் பதவியில் இருந்தவர் மேல் வாழ்நாள் முழுக்கக் குற்ற வழக்கே தொடரக் கூடாது என்பது அதன் சாரம். நல்லவேளை, மக்களவையில் அது எடுத்துக்கொள்ளப்படவே இல்லை.

39ஆம் திருத்தத்தின் அந்தக் கூறை உச்ச நீதிமன்றம் நவம்பர் 7ஆம் தேதி ரத்து செய்தது. எதை வைத்து? இரண்டு வருடத்துக்கு முந்தைய கேசவானந்த பாரதி தீர்ப்பை வைத்து. கேரளத்து எடநீர் மடத்தின் தலைவர் நிலச்சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்கு அது. 13 நீதிபதிகள் கேட்டு, 1973 ஏப்ரல் 24ஆம் தேதி ஏழுக்கு ஆறு என்று தீர்ப்பானது. சாசனத்தின் எந்தப் பிரிவையும் நாடாளுமன்றம் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை மட்டும் குலைக்கக் கூடாது. எங்கள் சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பத்திர எழுத்தருக்கும் இது புரியும்.

இந்தத் தீர்ப்பைப் பற்றி உங்களில் சிலருக்கு மனத்தாங்கல் இருக்கிறது, தெரியும். மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர்களை, ஓட்டே வாங்காத நீதிபதிகள் எப்படித் தடுக்கலாம் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். 2014இல் நீதிபதிகள் நியமனத்துக்கான ஆணையத்தை ஏறக்குறைய எல்லாக் கட்சிகளும் கைகோத்து நிறைவேற்றின, மறு வருடமே உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பில் எனக்கும் முழுத் திருப்தி இல்லை. தன்னைத் தானே நியமித்துக்கொள்ளும் விஷயத்தில் தானே தீர்ப்புச் சொல்வது கண்ணுக்கு அழகாக இல்லை. ஆனால் மக்கள் உங்களுக்குக் கொடுத்தது ஐந்து வருட அதிகாரம். சாசனத்தின் முகப்பில் இருக்கிற ‘நாம்’ அடுத்த தேர்தலில் ஓட்டுப் போடப்போகிறவர்களையும், இன்னும் பிறக்காதவர்களையும் சேர்த்துத்தான். ஐந்து வருடம் என்றேனா? 1976இல் 42ஆம் திருத்தம் அதையும் ஆறு வருடமாக்கியது. ஜனதா ஆட்சியில் 44ஆம் திருத்தம் வந்துதான் திரும்ப ஐந்தானது. அந்த மசோதாவில், சாசனத்தின் அடிப்படையை மாற்றுவதானால் மக்களிடமே பொது வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்றும் ஒரு கூறு இருந்தது. மாநிலங்களவை அதை ஏற்கவில்லை. மக்களிடம் கேட்க அவைக்கே தயக்கம் இருந்த கதை இது.

42ஆம் திருத்தத்தை ஒட்டுமொத்தமாகத் திட்டிவிட்டுப் போகவும் தமிழ்நாட்டுக்காரனால் முடியாது. நாடாளுமன்றத்தின் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லையே கிடையாது என்று எழுதிவைத்தது அது. 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில் அந்த வரி போனது. கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குத் தூக்கியதும் அதுதான், அதன் வலியை இன்றும் அனுபவிக்கிறோம். ஆனால் குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் எம்.பி. எண்ணிக்கையில் நஷ்டப்படாமல், 1971 கணக்கெடுப்பின்படியே இடங்களை நிறுத்திவைத்ததும் அதே திருத்தம். பிறகு 84ஆம் திருத்தம் அந்தக் காவலை 2026க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. 1967இல் நாம் 41இலிருந்து 39க்கு இறங்கியவர்கள். அந்த 39ஐக் காக்கும் வரி, நெருக்கடி நிலையில் எழுதியது. இன்னொரு திருத்தத்தால் அதை அழிக்கவும் முடியும்.

தொகுதி மறுவரையறை எங்களுக்கு வெறும் எண்ணிக்கை விவகாரம் இல்லை. 2008 மறுவரையறையில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியே இல்லாமல் போனது. ஆலங்குடி எங்கள் சிவகங்கைக்கு வந்தது, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு, புதுக்கோட்டை நகரம் திருச்சிக்கு, விராலிமலை கரூருக்கு என்று ஒரு மாவட்டத்தை நாலு பேருக்குப் பாகப்பிரிவினை செய்தார்கள். புதுக்கோட்டையில் எத்தனையோ பேர் கூக்குரல் போட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவும் ஆகாது. மறுவரையறைச் சட்டத்தை எழுதுவது நாடாளுமன்றம். ஆனால் ஆணையம் கொடுக்கும் உத்தரவை அவையில் வைப்பார்கள், அதில் ஒரு எழுத்தைக்கூட நாடாளுமன்றம் மாற்ற முடியாது. நீதிமன்றத்துக்கும் 329ஆம் பிரிவு கதவைச் சாத்துகிறது. ஆக, உங்கள் கையில் இருக்கும் ஒரே நேரம் அந்தச் சட்ட மசோதா அவையில் இருக்கிற நேரம்தான். அதை விட்டால் யாரிடம் போவீர்கள்?

எங்கள் ஊர்ப்பக்கம் கடல் கடந்து கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள் ஊர். அவர்கள் வீட்டுப் பத்திரங்களை எழுத உட்காரும்போது பெட்டகத்திலிருந்து பழைய கட்டுகள் வெளியே வரும். ஒருமுறை கண்டனூர் ஆச்சி ஒருவர் பழுப்பேறிய காகிதங்களை என் முன்னால் விரித்தார். பர்மிய எழுத்தில் முத்திரை, நடுவில் ஆங்கிலம், ஓரத்தில் தமிழில் மார்க்கா. பெகு பக்கத்து நெல் வயல். “தம்பி, இதுக்கு ஏதாச்சும் மதிப்பு இருக்கா பாரு” என்றார். என்ன சொல்வது? 1930களின் கடைசியில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தில் கடன் திரும்பாமல் கைக்கு வந்த நிலம் அது. பர்மிய விவசாயி வயிறெரிந்ததிலும், சுதந்திர பர்மா 1948இல் நிலத்தை நாட்டுடைமை ஆக்கியதிலும் நியாயமே இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 1962 மார்ச்சில் நே வின் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது நாடாளுமன்றமும் போனது, சாசனமும் போனது. அதன் பிறகு வங்கியா, கடையா, குடியிருக்கிற உரிமையா, எதற்குமே கேட்க ஓர் இடமில்லை. வந்தவர்கள் உடுத்திய துணியோடு வந்தார்கள்.

பர்மாவில் துப்பாக்கி செய்ததை இலங்கையில் ஓட்டு செய்தது. அதனால்தான் எனக்கு இலங்கைக் கதை உங்களுக்கு இன்னும் தேவையானதாகப் படுகிறது. கொழும்பு செட்டியார் தெருவை அறியாத குடும்பம் இங்கே குறைவு. 1947இல் பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன சோல்பரி சாசனத்தில் 29(2) என்று ஒரு பிரிவு இருந்தது. ஒரு சமூகத்தையோ மதத்தையோ சார்ந்தவர்களை மட்டும் பாதிக்கும்படி நாடாளுமன்றம் சட்டம் செய்யக் கூடாது என்றது. அந்தப் பிரிவு இருக்கும்போதே 1948இல் குடியுரிமைச் சட்டம் போட்டு மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயும் 1953இல் தோற்றது. 1956இல் சிங்களம் மட்டும். எல்லாமே நாடாளுமன்றத்தில் பெரும்பான்மையோடு, முறைப்படி நடந்தவை. கடைசியில் 1972இல் அந்த நாடாளுமன்ற உறுப்பினர்களே தங்களை அரசியல் நிர்ணய சபையாக அறிவித்துக்கொண்டு புதுச் சாசனம் எழுதினார்கள். 29(2) காணாமல் போனது. தேசிய அரசுப் பேரவைதான் அரசு அதிகாரத்தின் உச்சக் கருவி என்று எழுதிக்கொண்டார்கள். நிறைவேறிவிட்ட சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்ற ஏற்பாடு அன்று வந்தது, 1978 சாசனத்திலும் தொடர்ந்தது. அப்புறம் நடந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாடாளுமன்றம் எல்லாவற்றுக்கும் மேலே என்று நம் நாட்டில் யாராவது பேசும்போது, அவையில் இருக்கிற தமிழர்களில் ஒருவராவது எழுந்து இந்த இருபத்தைந்து வருடக் கதையைச் சொல்ல வேண்டும்.

சரி, இங்கேதான் நீதிமன்றம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது வருவதற்குள் எத்தனை வருடம்? கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை கொடுக்கும் தேர்தல் பத்திரத் திட்டத்துக்கான சட்ட மாற்றங்கள் 2017இல் நிதி மசோதாவுக்குள் வைத்து வந்தன. பண மசோதா என்ற முத்திரை இருந்ததால் மாநிலங்களவை அதைத் தடுக்க முடியவில்லை. அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பு வந்தது 2024 பிப்ரவரி 15. ஏழு வருடம்! இடையில் ஒரு முழு நாடாளுமன்றத் தேர்தலே அந்தப் பணத்தில் நடந்து முடிந்தது. தீர்ப்பு வந்தால் மட்டும் அந்தத் தேர்தலைத் திரும்ப நடத்துவார்களா?

நீதிமன்றம் எட்டிப் பார்க்கவே முடியாத அறைகளும் சாசனத்தில் இருக்கின்றன. அவை நடவடிக்கையில் முறைகேடு என்று சொல்லி எதையும் நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்கிறது 122ஆம் பிரிவு. அதாவது விவாதம் நடந்ததா, டிவிஷன் (ஓட்டுகளை எண்ணிப் பதிவு செய்யும் வாக்கெடுப்பு) கேட்டும் மறுத்தார்களா என்பதையெல்லாம் நீங்களே கேட்டால்தான் உண்டு. 2020 செப்டம்பர் 20ஆம் தேதி மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களுக்கு டிவிஷன் கேட்டுக் கூச்சல் போட்டும் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்தார்கள். யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று பெயர்வாரியாக ஒரு பதிவும் கிடையாது. அடுத்த வருடம் நவம்பர் 29ஆம் தேதி அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெற்றபோதும் விவாதம் இல்லை. கொண்டுவரும்போதும் வாசிக்கவில்லை, கிழிக்கும்போதும் வாசிக்கவில்லை.

இன்னொன்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். மக்களவைக்குத் துணை சபாநாயகர் ஒருவரைக் கூடிய விரைவில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது 93ஆம் பிரிவு. 16ஆம் மக்களவையில் நம் கரூர்த் தொகுதியின் தம்பிதுரை அந்த நாற்காலியில் இருந்தார். அடுத்து வந்த 17ஆம் மக்களவை, 2019 முதல் 2024 வரை, ஐந்து வருடமும் துணை சபாநாயகர் இல்லாமலே ஓடி முடிந்தது. சட்டம் செய்கிற அவை, தன்னைப் பற்றிச் சாசனம் சொன்ன ஒரு சின்னக் காரியத்தை ஒரு பதவிக்காலம் முழுக்கச் செய்யவில்லை. எங்கள் ஊரில் ஒரு கூட்டுறவுச் சங்கம் இப்படித் துணைத் தலைவர் இல்லாமல் ஐந்து வருடம் ஓட்டினால் பதிவாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிடும்.

உங்கள் கை கட்டப்பட்டிருப்பதும் தெரியாமல் இல்லை. 1985இல் வந்த பத்தாவது அட்டவணைக்குப் பிறகு கொறடா சொன்னதற்கு மாறாக வாக்களித்தால் பதவி போய்விடும். கட்சி தாவும் ஆயாராம் கயாராம்களை அடக்கக் கொண்டுவந்த மருந்து, இப்போது சொந்தப் புத்தியோடு மசோதாவைப் படிக்கிறவரையும் சேர்த்து அடக்குகிறது. ஆட்சி கவிழும் வாக்கெடுப்புக்கும் நிதி மசோதாவுக்கும் மட்டும் கொறடா உத்தரவு இருந்தால் போதும் என்பது என் கருத்து. அதற்குத் திருத்தம் வேண்டும், அது எந்தக் கட்சித் தலைமைக்கும் பிடிக்காது. ஆனால் அட்டவணை கட்டியிருப்பது உங்கள் ஓட்டைத்தான். பேசுவதையும், இந்தக் கூறு சாசனத்தின் எந்தப் பிரிவில் நிற்கிறது என்று அமைச்சரைக் கேட்பதையும், டிவிஷன் கோருவதையும் அது தடுக்கவில்லை.

குழுக்களை மறந்துவிடாதீர்கள். கேமரா இல்லாத அறையில்தான் கட்சிக்காரர் எம்.பி.யாக மாறுகிறார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். 15ஆம் மக்களவையில் பத்து மசோதாவில் ஏழு குழுவுக்குப் போனது. 17ஆம் மக்களவையில் ஏறத்தாழ ஆறில் ஒன்று. 2023 டிசம்பரில் மூன்று குற்றவியல் சட்டங்கள் நிறைவேறிய வாரத்தில் இரண்டு அவைகளிலும் சேர்த்து 146 பேர் இடைநீக்கத்தில் இருந்தார்கள், நம்மவர்கள் பலரும் அதில் அடக்கம். அந்த மசோதாக்கள் முன்னதாகக் குழுவுக்குப் போய் வந்தவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழுவுக்குப் போன மசோதாவே எதிர்வரிசை காலியாக இருக்கையில் நிறைவேறியது என்றால், போகாதவற்றின் கதி என்ன?

என்னிடம் ரேகை வைக்க வருகிற ஆச்சிமார்கள் பாதிப்பேருக்கு எழுத்துத் தெரியாது. “முழுசும் வாசி தம்பி, அப்புறம் வைக்கிறேன்” என்பார்கள். நாலாவது பக்கத்தில் நிறுத்தி, “மேற்கால கிணறு யாருக்குன்னு சொன்னே?” என்று கேட்பார்கள். மகன் வெளியே காரில் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். அவர்கள் அசைய மாட்டார்கள்.

நான் உங்களிடம் கேட்பதும் அதைத் தாண்டி ஒன்றுமில்லை. சாசனத்தைத் திருத்தும் எந்த மசோதாவும், மாநில உரிமையைத் தொடும் எந்த மசோதாவும் வந்தால், கட்சி எதுவானாலும் 57 பேரும் சேர்ந்து முதலில் குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தோற்றாலும் அவைக்குறிப்பில் ஏறட்டும். குரல் வாக்கெடுப்பு என்றால் எழுந்து டிவிஷன் கேளுங்கள். துணை சபாநாயகர் நாற்காலி எப்போதெல்லாம் காலியாக இருக்கிறதோ அப்போதெல்லாம் கூட்டத்தொடரின் முதல் நாளில் அதைப் பற்றிக் கேளுங்கள். மறுவரையறை பற்றிய மசோதா எந்த உருவத்தில் வந்தாலும், அதன் நகலை அவையில் பேசுவதற்கு முன்னால் தமிழில் எங்களுக்குக் கொடுங்கள்.

கூட்டத்தொடர் முடிந்து தொகுதிக்கு வரும்போது, எந்தெந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தீர்கள், எவற்றுக்கு வாக்கெடுப்பே நடக்கவில்லை என்று ஒரு தாளில் எழுதி உங்கள் அலுவலக வாசலில் ஒட்டுங்கள். காரைக்குடியில் ஒட்டினாலும் சரி, வந்து படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிவகங்கைத் தொகுதி வாக்காளர் ஒருவர்,
பத்திர எழுத்தர், தேவகோட்டை.